பணிவு எங்கிருந்து வந்தது?

ராஜபாளையத்தின் தொழில் வரலாறு பெருமையோடு சொல்லத்தக்கது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1939இல் மருத்துவப் பஞ்சு ஆலை வந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் வாங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து மில் வண்டியேறி ஷிப்டுக்குப் போவது தலைமுறை வழக்கமானது. ஆனால் கதிர்களின் முன்னால் நின்றவர்களுக்கு என்ன வயது என்பதைப் பற்றி இந்த வரலாறு அதிகம் பேசுவதில்லை. தொடக்க காலப் பஞ்சாலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள். நிரந்தர வேலையும் சங்கமும் போனஸ் பேச்சும் அவர்களோடு வந்தன. 1990களுக்குப் பிறகு தமிழக நூற்பாலைகள் பலவற்றில் அந்த இடத்துக்குப் பதின்பருவப் பெண்கள் வந்தார்கள். பெண்பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பார்கள், கை சுறுசுறுப்பானது, சங்கம் என்று போகமாட்டார்கள் என்பது ஆலை வட்டாரங்களில் சொல்லப்பட்ட காரணம். பணிவு அந்த வயதோடும் பாலோடும் பிறந்தது என்ற இந்த நம்பிக்கை தவறு. அது திட்டமிட்டு விளைவிக்கப்பட்டது.

எப்படி விளைந்தது என்பதற்குச் சுமங்கலித் திட்டமே சாட்சி. எல்லா ஆலைகளும் அதைக் கைக்கொள்ளவில்லை. கைக்கொண்ட இடங்களில் ஏற்பாடு ஏறத்தாழ ஒன்றுதான். மூன்று ஆண்டு ஒப்பந்தம், ஆலை விடுதியில் தங்கல், அன்றாடக் கூலி குறைவு, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தத் தொகை. விருதுநகர், திருநெல்வேலி போன்ற தென்மாவட்டக் கிராமங்களில் ஆள் சேர்த்த புரோக்கர் பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவர். பெண் இடையில் வெளியேறினால் தொகை பறிபோகும். கூடவே வீடு கொடுத்த வாக்கும் கெடும். பதினாறு வயதில் தன் மதிப்பை மனம் தோழிகளின் கண்ணிலும் வீட்டாரின் முகத்திலும்தான் தேடுகிறது. வெளியே போக அனுமதி வேண்டும், பேசுவதற்கு வார்டன் கண்காணிப்பு வேண்டும் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வெளி ஆளே கிடையாது. எதிர்த்துப் பேசினால் நஷ்டம் தனக்கல்ல, அப்பாவுக்கு. இந்த நிலையில் அடங்கிப் போவது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சட்டத்தின் பக்கமும் பாருங்கள். இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம். சில மாதங்களில் கைவந்துவிடும் வேலைக்கு மூன்று ஆண்டு 'பயிற்சி' என்று பெயர் சூட்டியது ஏன் என்பது அங்கே விளங்கும்.

விடுதியில் அடைத்தால் எந்த ஊர்ப் பெண்ணும் அடங்கத்தானே செய்வாள் என்று கேட்கலாம். அமெரிக்காவின் லோவெல் நகரம் அப்படிச் சொல்லவில்லை. அங்கேயும் கிராமத்து இளம்பெண்கள்தான் ஆலை விடுதிகளில் தங்கினார்கள். இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு, மேற்பார்வைக்கு ஓர் அம்மாள் என்று விதிகள் கடுமையாகவே இருந்தன. ஆனாலும் 1834இல் கூலியைக் குறைத்தபோதும், 1836இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோதும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே கூரையின்கீழ் தூங்கியதே அவர்களை ஒன்றுசேர்த்தது. வேறுபாடு கூலியில் இருந்தது. மூன்று ஆண்டுச் சம்பளம் முதலாளியிடம் பிணையாகக் கிடக்கவில்லை; கோபம் வந்தால் அவர்களால் ஊருக்குத் திரும்ப முடிந்தது. ஏற்பாடுதான் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்பதை ஆலைகளில் நடந்த வேலையிடத்து உளவியல் ஆய்வுகளும் காட்டின. 1923இல் ஆய்வாளர் எல்டன் மேயோ பிலடெல்பியா நூற்பாலை ஒன்றில் ஆட்கள் நிலைக்காமல் ஓடுவதை ஆராய்ந்து, ஓய்வு இடைவேளை கொடுக்கச் செய்தார், ஓட்டம் அடங்கியது. 1950களில் ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் அகமதாபாத் காலிகோ ஆலையில் நெசவாளர்களைச் சிறு குழுக்களாக அமைத்தபோது உற்பத்தி கூடி, பழுது குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள். வேலை அமைந்த விதம்தான் மாறியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில் பத்தாவது முடித்த பெண்ணுக்கு வேறென்ன வழி இருந்தது? தீப்பெட்டி ஒட்டுவது, களை எடுப்பது, இல்லையென்றால் சீக்கிரமே கல்யாணம். ஆலை அவளுக்கு முதல் வருமானத்தைக் கொடுத்தது, கல்யாணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டது. இது உண்மை, இதைச் சிறிதாக்கிப் பேசுவது அந்தப் பெண்களின் உழைப்பை அவமதிப்பதாகும். ஆனால் அந்த நன்மையைச் செய்தது கூலி. கூலியை நிறுத்திவைத்தது எந்த நன்மையையும் செய்யவில்லை. 1961இல் சட்டம் தடைசெய்த வரதட்சணையைச் சேர்க்கும் உண்டியலாகப் பெண்ணின் சம்பளத்தை மாற்றியதும் அந்த நிறுத்திவைப்புதான். விடுதி பாதுகாப்புக்காக என்ற வாதமும் பாதிதான் நிற்கும். அந்நியன் உள்ளே வராமல் காக்கும் கதவு வேறு, அவள் வெளியே போகாமல் தடுக்கும் கதவு வேறு.

2011இல் சுமங்கலித் திட்டம் பற்றி, 'பருத்தியில் சிறைப்பட்டவர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வறிக்கை ஐரோப்பாவில் வெளியானது. வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்கள் கேள்வி கேட்டன; திட்டத்தின் பெயர் விளம்பரங்களிலிருந்து மெல்ல மறைந்தது. தமிழ்ப் பெண்கள் கல்லூரிக்குப் போகத் தொடங்க, தமிழகப் பஞ்சாலை விடுதிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளையவர்கள் வந்தார்கள். முன்பு நம் பெண்களைப் பற்றிச் சொன்னதையே இப்போது அவர்களைப் பற்றிச் சொல்லக் கேட்கிறோம்: வம்புதும்பு இல்லாதவர்கள், சொன்னதைச் செய்பவர்கள். ஊரும் மொழியும் மாறியும் பணிவு மட்டும் மாறவில்லை என்றால், அது அந்த ஏற்பாட்டின் சொத்து. ஆலை நடத்துபவர்களிடம் கேட்பது மூன்றுதான்: கூலி முழுவதையும் மாதாமாதம் தொழிலாளர்கள் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள், ஓய்வு நாளில் கதவைத் திறந்துவிடுங்கள், ஆலைக் குழுக்களில் அவர்களே தேர்ந்தெடுத்தவர்களை உட்காரவையுங்கள்.