சொக்கெட்டுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு

ஒரு கம்பனியின் மதர்போட், இன்னொரு கம்பனியின் ரேம், மூன்றாவது ஒன்றின் பவர் சப்ளை. எல்லாவற்றையும் வாங்கிவந்து ஒரு கேஸுக்குள் பூட்டினால் வேலை செய்யும் என்று நாங்கள் சந்தேகமே இல்லாமல் நம்புகிறோம். ஃபோனில் இப்படிச் செய்ய ஏலுமா? ஏலாது. அப்போ கொம்பியூட்டருக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படிக் கிடைத்தது? இது விளங்கினால், கல்முனையில் முதல் கேமிங் பிசி கட்டப்போகிறவர் சல்லியை எதில் போடுவது என்பதும் பாதி விளங்கிடும்.

1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐபிஎம் தனது பிசியை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ ஒரு வருடத்தில் அவசரமாகச் செய்த மெஷின் அது. எல்லாவற்றையும் தானே செய்ய நேரமில்லாததால் ப்ரொசசரை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசொஃப்ட்டிடமும் வாங்கினார்கள். உள்ளே ஐந்து ஸ்லொட். மற்றவர்களும் கார்ட் செய்து விற்கட்டும் என்று சர்க்யூட் படங்களையும் புத்தகமாகவே போட்டார்கள். பயோஸ் என்ற சின்ன மென்பொருள் மட்டும்தான் ஐபிஎம்முக்கே சொந்தமான பூட்டு. அதன் கோடும் அந்தப் புத்தகத்திலேயே அச்சாகி இருந்தது. யாரும் வாசிக்கலாம், ஆனால் கொப்பி அடித்தால் வழக்கு.

ஹியூஸ்டனில் 1982இல் தொடங்கிய கொம்பெக் கம்பனி இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழு அந்தக் கோடை வாசித்து, அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. கோடைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்து அதே வேலையைச் செய்யும் புதுப் பயோஸை எழுதியது. கொப்பி இல்லை, ஆனால் வேலை ஒன்றுதான். 1983இல் அவர்களுடைய பிசி சந்தைக்கு வந்தது. அடுத்த வருடம் ஃபீனிக்ஸ் என்ற கம்பனி இதே மாதிரி ஒரு பயோஸை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. அதற்குப் பிறகு யாரும் பிசி செய்யலாம் என்றானது.

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1987இல் பிஎஸ்/2 என்று புது மெஷினும், மைக்ரோ சனல் என்று புது ஸ்லொட்டும் கொண்டுவந்தது. பழைய கார்ட் எதுவும் அதில் ஏறாது, பாவிக்க விரும்பும் கம்பனிகள் ஐபிஎம்முக்குக் கட்டணம் கட்டவேண்டும். 1988இல் கொம்பெக், எச்பி, எப்சன் உட்பட ஒன்பது கம்பனிகள் ஒன்றுசேர்ந்து, பழைய கார்டும் ஏறும் வேறொரு ஸ்லொட்டை அறிவித்தன. அந்த ஸ்லொட்டும் பெரிதாக நிலைக்கவில்லை, ஆனால் ஐபிஎம்மின் பூட்டும் உடைந்துபோனது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவுகளை வெளியிட்டது. மதர்போட்டில் ஸ்க்ரூ ஓட்டை எங்கே வரவேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. பத்து வருடப் பழைய கேஸில் இன்றைய போட் உட்காருவது அதனால்தான்.

ப்ரொசசர் சொக்கெட்டின் கதை மட்டும் எதிர்த் திசையில் போனது. தொண்ணூறுகளின் நடுவில் சொக்கெட் 7 என்ற ஒரே சொக்கெட்டில் இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் மூன்றின் ப்ரொசசர்களும் ஏறின. இன்றைக்கு நினைத்தால் கனவு மாதிரி இருக்கிறது. 1997இல் இன்டெல் பென்டியம் 2ஐ தனக்கே உரிய ஸ்லொட்டில் வைத்தது, பாதைகள் பிரிந்தன. 2017இல் இன்னும் மோசம். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 பின் சொக்கெட்தான், ஆனால் முந்தைய வருடம் வாங்கிய போட்டில் அது ஓடாது. மின்சார விநியோகம் மாறியது என்று காரணம் சொன்னார்கள். பயோஸை மாற்றி அதே போட்டில் ஓட வைத்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

ஏஎம்டி நல்லவன் என்றும் நினைக்கவேண்டாம். 2016இல் ஏஎம்4 சொக்கெட் வந்தபோது 2020 வரை ஆதரவு என்றார்கள். 2020 மே மாதம், புது ப்ரொசசர்கள் 400 வரிசை போட்களில் வராது, பயோஸ் சிப்பில் இடம் போதாது என்றார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழ, இரண்டு கிழமைக்குள் பேச்சு மாறியது. 2022இல் 2017ஆம் ஆண்டின் 300 வரிசை போட்களுக்கும் அனுமதி வந்தது. அதே ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டி வெளியானது, விலை 449 டொலர்.

அந்த ஏப்ரல் எங்களுக்கு எப்படிப்பட்ட ஏப்ரல் என்று சொல்லத் தேவையில்லை. மார்ச் 7 வரை டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதம் ஏறத்தாழ 360. வரியும் கப்பல் கூலியும் சேர்க்காமலே 90,000 ரூபா ப்ரொசசர் 160,000 ஆனது. (மார்ச் 31இல் கரண்ட் கட் 13 மணித்தியாலம் வரை, வாங்கினாலும் எங்க ஓட்டுற என்பது வேறு கதை.) பழைய ஏஎம்4 போட் வைத்திருந்தவருக்கு இந்த ஒரு செலவுதான். சொக்கெட் முடிந்துபோன போட் வைத்திருந்தவர் ப்ரொசசரோடு போட்டும், பலநேரம் ரேமும் மாற்றவேண்டும், எல்லாமே டொலர் கணக்கில். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை கேட்க இரவு பஸ் ஏறுகிற எங்கட ஊர்ப் பிள்ளைக்கு, சொக்கெட்டின் ஆயுள் என்பது வாப்பா தந்த சல்லியின் ஆயுள்.

ஆகவே முதல் பிசிக்கு எங்கள் அபிப்பிராயம் இது. கையில் இருப்பதில் முதலில் போட்டையும் பவர் சப்ளையையும் உறுதியாக எடுங்கள், ப்ரொசசர் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. 2022இல் வந்த ஏஎம்5 போட்களில் 7000, 8000, 9000 வரிசைகள் ஏறுகின்றன, 2027 வரையாவது ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் எல்ஜிஏ 1700இல் 12 முதல் 14 வரை மூன்று தலைமுறை ஏறும், அதோடு சரி. 2024 ஒக்டோபரில் சொக்கெட் மாறிவிட்டது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அந்தப் போட் டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று முதலில் கேளுங்கள், ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. போட்டின் தளத்தில் எந்த ப்ரொசசருக்கு எந்தப் பயோஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். பழைய பயோஸோடு வீட்டுக்கு வந்தால் ஸ்க்ரீன் கறுப்பாகவே நிற்கலாம்.

இரண்டு இடத்தில் ஏடிஎக்ஸ் காப்பாற்றாது. ஒன்று, கழற்றி மாட்டும் பவர் சப்ளை வயர்கள். போட் பக்கத்துப் ப்ளக் எல்லாருக்கும் ஒன்று, பவர் சப்ளை பக்கத்துப் ப்ளக்கின் வயர் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு. பழைய வயரை புதுப் பவர் சப்ளையில் குத்தி ஹார்ட் டிஸ்க்கை எரித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மற்றது, பாவித்து இறக்குமதியாகும் பிராண்ட் ஒஃபிஸ் கொம்பியூட்டர்கள். மலிவு, நல்ல உழைப்பு. ஆனால் அவற்றில் பலதின் பவர் சப்ளையும் போட்டும் அந்தக் கம்பனியின் சொந்த அளவு. 1987இல் ஐபிஎம் போட்டுப்பார்த்த அதே பூட்டு. கிராபிக்ஸ் கார்ட் போட நினைத்தே அதை வாங்குகிறவர், மூடியைக் கழற்றி 24 பின் ப்ளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சல்லியைக் கொடுக்கட்டும்.