மெல்போர்ன் அரசுப் பள்ளிகளில் இத்தாலிய-ஆங்கில இருமொழிக் கல்வி: பின்னணி என்ன?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள சில அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இத்தாலிய மொழி தனிப் பாடமாக மட்டுமன்றி, பயிற்று மொழியாகவும் உள்ளது. பிரன்சுவிக் சவுத், ஃபுட்ஸ்க்ரே ஆகிய தொடக்கப் பள்ளிகள் இதற்கு எடுத்துக்காட்டுகள். ஆனால், ஃபுட்ஸ்க்ரேயில் இத்தாலிய மொழி நுழைந்த விதம் பெரும் சர்ச்சைக்கு உள்ளானது.

புலம்பெயர்வின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடி ஏராளமான இத்தாலியர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறினர். இது தொடர்பாக 1951-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மெல்போர்னின் கார்ல்டன் பகுதியில் உள்ள லைகன் தெரு இத்தாலிய வாழ்வியலின் அடையாளமானது. பின்னர், 1987-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மொழிக் கொள்கை வெளியானது. அதை வகுத்தவர் இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் ஜோசப் லோ பியாங்கோ. அனைவருக்கும் ஆங்கிலம், அதனுடன் மற்றொரு மொழி என்பதை அக்கொள்கை வலியுறுத்தியது.

வகுப்பறையில் எப்படி?

வழக்கமான பள்ளிகளில் பிற மொழிக்கு வாரத்தில் ஓரிரு வகுப்புகளே கிடைக்கும். விக்டோரியா மாநிலத்தில் அரசு அங்கீகரித்த இருமொழித் திட்டத்திலோ வாரத்துக்குக் குறைந்தது 7.5 மணி நேரம் அம்மொழியில் பாடம் நடத்தப்பட வேண்டும். அறிவியல், கலை போன்ற பாடங்களின் ஒரு பகுதி இத்தாலியத்தில் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் குழந்தைகளும் இதில் சேரலாம்.

இத்தாலிய நெடுங்கணக்கில் 21 எழுத்துகளே உள்ளன. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் சீரானது என்பதால், குழந்தைகள் விரைவில் வாசிக்கப் பழகுகின்றனர். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து பல ஒலிகளைப் பெறுகிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வொன்று, வாரத்துக்கு ஒரு மணி நேரம் இத்தாலியம் கற்ற ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்தது. சொல் குறித்த விழிப்புணர்விலும் சொற்களை அடையாளம் கண்டு வாசிப்பதிலும் அவர்கள் பயனடைந்ததாக அந்த ஆய்வு தெரிவித்தது.

ஃபுட்ஸ்க்ரே சர்ச்சை

வியட்நாம் போர் 1975-இல் முடிவடைந்த பின் ஆஸ்திரேலியாவுக்கு வந்த அகதிகளில் பலர் ஃபுட்ஸ்க்ரே பகுதியில் குடியேறினர். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வியட்நாமிய-ஆங்கில இருமொழித் திட்டம் நடைபெற்றது. அதை நிறுத்திவிட்டு, 2020 முதல் இத்தாலிய-ஆங்கிலத் திட்டம் தொடங்கப்படும் என 2019-இல் அறிவிக்கப்பட்டது. தகுதியுள்ள வியட்நாமிய ஆசிரியர்கள் கிடைப்பதில் உள்ள சிரமம் காரணமாகக் கூறப்பட்டது.

இதற்கு வியட்நாமிய சமூகத்தினரும் பெற்றோரில் ஒரு பகுதியினரும் எதிர்ப்புத் தெரிவித்து மனுவில் கையெழுத்துகளைத் திரட்டினர். வீட்டு மொழியைப் பள்ளியிலும் கற்கும் வாய்ப்பைத் தங்கள் குழந்தைகள் இழப்பதாக அவர்கள் வாதிட்டனர். எனினும், முடிவு மாறவில்லை.

எண்கள் சொல்வது

ஆஸ்திரேலியாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் வியட்நாமிய மொழி பேசுவோர் சுமார் 3.2 லட்சம் பேர். இத்தாலியம் பேசுவோர் சுமார் 2.28 லட்சம் பேர். 2016-இல் இந்த எண்ணிக்கை 2.7 லட்சத்துக்கும் அதிகம். முதல் தலைமுறையினர் முதுமை அடைந்துவிட, அவர்களின் பேரக்குழந்தைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டனர்.

இத்தாலியம் வீடுகளில் குறைந்து வந்தாலும் பள்ளிகளில் நிலைபெற்றிருப்பதற்குப் பல ஆண்டுகளாக உருவான ஆசிரியர் பயிற்சியும் பாடநூல்களும் முக்கியக் காரணங்கள். ஒரு மொழியைப் பேசும் மக்கள் அதிகமாக இருப்பது மட்டுமே அதைப் பயிற்று மொழியாகத் தக்கவைக்கப் போதாது; அம்மொழியில் பாடம் நடத்தத் தகுதிபெற்ற ஆசிரியர்களும் தொடர்ந்து உருவாக வேண்டும் என்பதையே மெல்போர்ன் அனுபவம் காட்டுகிறது.