தொட்டியில் ஏறி வந்த கிராம்பு

மிளகுக்குப் பிரெஞ்சில் 'புவாவ்ர்' என்று பெயர். அதையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர், பியேர் புவாவ்ர், 1746-இல் நம் புதுச்சேரியில் தங்கியிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை தினப்படி எழுதிவந்த காலம் அது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குத் துய்ப்ளேக்ஸ், லபூர்தொன்னே என்று பாடமாக ஒப்பிக்கச் சொல்வார்கள். புவாவ்ர் பெயர் காதில் விழுந்ததே இல்லை.

லியோன் நகரத்துக்காரர்; 1719-இல் பிறந்தவர். பாதிரியாராகப் பயிற்சி பெற்றுச் சீனத்துக்குப் போனார். 1745-இல் திரும்பும் வழியில் இங்கிலீஷ்காரர் கப்பலைத் தாக்க, குண்டு பட்டு வலக்கையை இழந்தார். கைதியாகப் பத்தாவியாவில் இருந்தபோது ஒல்லாந்தரின் வாசனைப் பொருள் வியாபாரத்தை நேரில் பார்த்தார். ஜாதிக்காயும் கிராம்பும் அன்று ஏறக்குறைய அவர்கள் கையில் மட்டுமே இருந்தன. அதற்காக 1621-இல் பந்தா தீவு மக்களையே அழித்தவர்கள் அவர்கள். தங்களுக்கு வேண்டிய தீவு தவிர மற்றத் தீவுகளில் கிராம்பு மரங்களை வெட்டித் தள்ளினார்கள்.

விதையைத் திருடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கடையில் வாங்கும் ஜாதிக்காய் முளைக்காது. ஈரம் உலர்ந்தால் சில நாட்களில் உயிர் போய்விடும். பழக் கிராம்பு விதையும் அப்படித்தான். ஆகவே முளைவிட்ட கன்றை மண்ணோடு தொட்டியிலோ மரப்பெட்டியிலோ வைத்துக் கப்பலேற்ற வேண்டும். கடலில் உப்புக் காற்று இலையைக் கருக்கும். குடிதண்ணீரோ மாலுமிக்கே அளந்துதான் கிடைக்கும். கண்ணாடி மூடிய வார்ட் பெட்டி வந்தது 1830-களில்தான்.

1753-இல் புவாவ்ர் பிரெஞ்சுத் தீவுக்கு, அதாவது இன்றைய மொரீசுக்கு, சில ஜாதிக்காய்க் கன்றுகளைக் கொண்டு சேர்த்தார். அவை பட்டுப்போயின. தோட்டப் பொறுப்பில் இருந்த ஃபுய்சே ஒப்ளே வேண்டுமென்றே கொன்றுவிட்டார் என்று குற்றம் சாட்டினார். ஜாதிக்காய்க் கன்றைச் சாகடிக்க எதிரி ஒருவன் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நேர்வெயிலும் காற்றும் போதும்.

1767-இல் அவரே அத்தீவின் அந்தாந்தானாக வந்தார். அவர் அனுப்பிய கப்பல்கள் 1770 ஜூனில் நூற்றுக்கணக்கான ஜாதிக்காய்க் கன்றுகளோடும் சில பத்துக் கிராம்புக் கன்றுகளோடும் திரும்பின. 1772-இல் இன்னொரு முறை. பாம்ப்ளிமூஸ் தோட்டத்தில் நட்டார்கள். அவருக்குப் பின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட செரே நிழலும் நீரும் கொடுத்துக் காப்பாற்ற, 1776-இல் கிராம்பும் 1778-இல் ஜாதிக்காயும் பலன் தந்தன. அங்கிருந்து கிராம்பு பூர்போன் தீவுக்கும் கயேனுக்கும் பரவியது. பின்னர் சான்சிபாருக்கும் போயிற்று.

இதைப் படித்து ஒற்றைக்கை வீரரைப் புகழத் தோன்றுகிறது. புகழலாம். ஆனால் அடிமை முறையை எழுத்தில் கண்டித்த அவருடைய தோட்டத்திலேயே தண்ணீர் சுமந்தவர்கள் அடிமைகள். சான்சிபாரிலும் அடிமைகளே கிராம்பு பறித்தார்கள். ஒல்லாந்தரின் ஏகபோகம் உடைந்தது. அந்தக் கைகளுக்கு விடுதலை வரவில்லை. அதே தீவில் துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து போன நம் கொத்தனார், தச்சர் பெயர்களும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

இப்போது மொட்டை மாடியில் இம்மரங்களை வளர்ப்போர் கூடியிருக்கிறார்கள். தொட்டிக்கு ஏற்றது இலவங்கப்பட்டை. வெட்ட வெட்ட அடியிலிருந்து துளிர்க்கும். தோட்டக்காரர்கள் அதைக் குட்டையாக வெட்டி, அந்தக் கிளைகளில்தான் பட்டை உரிக்கிறார்கள். கவாத்துக்கு அஞ்ச வேண்டாம். கிராம்பைக் காய்ந்த கிளை நீக்குவதோடு விட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் போய்விடும். ஜாதிக்காயில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதைக்கன்று வைத்தால் பூக்கும்வரை, அதாவது ஆறேழு வருடம், எது என்று தெரியாது. பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றே நல்லது. ஆழமான தொட்டி, அரை நிழல், காய்ந்துவிடாத ஈரம். புவாவ்ரின் கப்பலில் அந்தக் கன்றுகள் கேட்டதும் இவற்றைத்தான்.