ரூபாய்-ரூபிள் வணிகம்

ரூபாய்-ரூபிள் வணிகம் என்பது இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் டாலரைப் பயன்படுத்தாமல், இந்திய ரூபாயில் கணக்கு வைத்துப் பொருட்களைப் பரிமாறிக்கொண்ட முறை ஆகும். பொதுவுடைமை ஆட்சிக்குப் பின் ரஷ்யாவில் ஏற்பட்ட மாற்றங்களால் இது முடிவுக்கு வந்தது. அதன் விளைவுகள் தமிழ்நாட்டிலும் உணரப்பட்டன.

செயற்பட்ட முறை

இரு நாடுகளும் 1953 டிசம்பர் 2 அன்று முதல் வணிக உடன்படிக்கையைச் செய்துகொண்டன. சோவியத் ஒன்றியம் இயந்திரங்கள், எண்ணெய், படைக்கலங்கள் ஆகியவற்றை வழங்கியது. இந்தியா தேயிலை, காப்பி, தோல் பொருட்கள், துணி ஆகியவற்றை அனுப்பியது. வாங்குபவை அரசு நிறுவனங்கள் என்பதால், ஏற்றுமதியாளருக்கு உறுதியான சந்தை கிடைத்தது.

ரஷ்யாவில் மாற்றம்

பொதுவுடைமைக் கட்சிக்கு அரசியலமைப்பு வழங்கியிருந்த தலைமை உரிமை 1990 மார்ச்சில் நீக்கப்பட்டது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 ஜனவரி 2 முதல் பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசு நிறுவனங்களைத் தனியார்மயமாக்கும் பணியும் தொடங்கியது. வெளிநாட்டு வணிகத்தில் அரசின் தனியுரிமை மறைந்து, தனியார் வணிகர் தோன்றினர். ரூபிளின் மதிப்பு பெரிதும் வீழ்ந்தது.

கடன் தீர்வு

ரூபிளின் வீழ்ச்சியால், இந்தியா தர வேண்டிய பழைய கடனை எந்த மாற்று வீதத்தில் கணக்கிடுவது என்ற சிக்கல் எழுந்தது. 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின் புது தில்லி வந்தபோது இதற்குத் தீர்வு காணப்பட்டது. கடனில் 63 விழுக்காட்டை 12 ஆண்டுகளிலும், எஞ்சிய 37 விழுக்காட்டை வட்டியின்றி 45 ஆண்டுகளிலும் செலுத்த உடன்பாடு ஏற்பட்டது. தவணையாகப் பெற்ற ரூபாயைக் கொண்டு ரஷ்யா இந்தியப் பொருட்களை வாங்கியது.

தமிழ்நாட்டில் விளைவுகள்

நீலகிரித் தேயிலை: சோவியத் சந்தையை நம்பியிருந்த நீலகிரித் தேயிலைத் தொழில் பாதிப்புக்குள்ளானது. 1998 ஆகஸ்டில் ரஷ்யாவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியும் ஏற்றுமதியைப் பாதித்தது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபோது சிறு விவசாயிகளே மிகுந்த இன்னலுக்கு உள்ளாயினர். உற்பத்திப் பெருக்கம் முதலிய வேறு காரணங்களும் இவ்வீழ்ச்சிக்கு உண்டு.

கூடங்குளம்: 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் மிக்கைல் கோர்பச்சேவும் உடன்பாடு கண்ட கூடங்குளம் அணுமின் திட்டம் தேக்கமுற்றது. 1998இல் துணை ஒப்பந்தம் கையெழுத்தானது. 2002இல் கட்டுமானம் தொடங்கி, 2013 அக்டோபரில் முதல் அலகு மின் தொகுப்புடன் இணைக்கப்பட்டது.

பிற்காலம்

2022 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி, பன்னாட்டு வணிகத்தில் ரூபாயில் கணக்குத் தீர்க்க அனுமதித்தது. இது பழைய முறையின் மறுபிறப்பு அன்று. முன்பு இரு அரசுகளின் திட்டப்படி சரக்குகள் பரிமாறப்பட்டன. புதிய ஏற்பாட்டில் நிறுவனங்கள் சந்தை விலையில் வாங்கி விற்கின்றன.