பெயர் எழுதிய ஒலிநாடா

1990 இல் போர் மறுபடியும் மூண்டபின் வன்னியில் மின்சாரம் பழங்கதையாயிற்று. வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. பாட்டுக் கேட்க விரும்புவோர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவர். டைனமோ தரும் மின்னில் ஒலிநாடா ஓடும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளரும்.

அக்காலத்தில் ஒரு வைகாசி இரவு, முல்லைத்தீவுப் பகுதிக் கோயில் வெளியொன்றில், அறுபதைக் கடந்த அண்ணாவியார் ஒருவர் பாடக் கேட்டேன். காத்தவராயன் கூத்தில் பழுத்த குரல். ஒலிவாங்கி இல்லை, பக்கப்பாட்டு இல்லை. கையில் உடுக்கு, அருகே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. மதயானையைக் கட்டிய குமுழமுனை அரியாத்தையின் கதையைத் தொடங்கினார். வன்னியார் எவருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நடுவே, இடம்பெயர்ந்து வந்து மரத்தடியில் உலை வைக்கும் பெண்களைப் பற்றித் தாமே கட்டிய அடிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். முன்வரிசையிலிருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். பேட்டிகளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த நான்கு பற்றரிகளையும் அன்றிரவே தீர்த்துவிட்டேன்.

இதனை நினைவூட்டியது நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில் பதிவான ஓர் இசைத்தட்டு. கனேடியப் பாடகரும் பாடலாசிரியருமான நீல் யங், 1971 ஜனவரி 19 அன்று அந்நகரின் மஸ்ஸி மண்டபத்தில் வாத்தியக் குழு ஏதுமின்றித் தனித்துப் பாடினார். வயது 25. முதுகு நோயினால் கனத்த மின்கித்தாரைச் சுமக்க இயலாத காலம் அது. மரக்கித்தாரும் பியானோவும் மட்டுமே துணை. அவருடைய தந்தை ஸ்கொட் யங் பத்திரிகையாளர் என்பதில் எனக்குச் சிறு பெருமிதம்.

மறு ஆண்டு வெளிவந்த 'ஹார்வெஸ்ட்' இசைத்தட்டினால் உலகப் புகழ் பெறவிருந்த சில பாடல்களை அச்சபை அன்று புதிதாகக் கேட்டது. அந்த ஒலிப்பதிவை உடனே வெளியிடுமாறு தயாரிப்பாளர் டேவிட் பிறிக்ஸ் வற்புறுத்தினார். யங் இணங்கவில்லை. பிறிக்ஸ் 1995 இல் காலமானார். இசைத்தட்டு 2007 இல்தான் வெளிவந்தது. பிறிக்ஸ் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பது பல்லாண்டுகள் கழித்து அதைக் கேட்டபோதே விளங்கியதாக யங் கூறியிருக்கிறார். குரலோடு மண்டபத்தின் அமைதியும், கைதட்டலும், பாட்டுக்கிடையே அவர் பேசும் பேச்சும் அதில் கேட்கின்றன.

முப்பத்தாறு ஆண்டுகள் ஓரிடத்தில் கிடந்து, கெடாமல் எழுந்து வந்த நாடா அது. கலைஞன் மனம் மாறும்வரை பொறுத்திருக்க அதற்கு ஒரு கூரை இருந்தது. அண்ணாவியாரின் நாடா கிளிநொச்சியில் ஒரு பெட்டியில் இருந்தது. 2008 இன் பிற்பகுதியில் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது அரிசியும் தறப்பாளும் ஏற்றிய உழவு இயந்திரத்தில் ஒலிநாடாப் பெட்டிக்கு யார் இடம் கொடுப்பார்? அந்த முடிவை நான் இன்றும் பிழையென்று சொல்லமாட்டேன். அண்ணாவியாரும் இப்போது இல்லை. அவர் கட்டிய அடிகளை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நம்மவர் நூல்களையும் பத்திரிகைகளையும் போலவே ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவில் சேமித்து வருகிறது. அங்கே கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் 2002 இல் ஏ-9 வீதி திறந்தபின் ஊர் பார்க்க வந்த உறவினர் ஒருவர், அந்த நாடாவின் பிரதியொன்றைக் கனடாவுக்குக் கொண்டுசென்றார். பின்னர் அவர் வீடு மாறினார், இருமுறை. எங்கோ ஒரு நிலவறைப் பெட்டியில் அது கிடக்கலாம்.

90 நிமிட நாடா. மேலே நீல மையில் 'அண்ணாவியார், வைகாசி' என்று என் கையெழுத்து இருக்கும், ஆண்டை எழுதவில்லை. மறுபக்கத்தைப் போட்டால் நெல் விலை பற்றி அதிகாரி ஒருவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். அதை அழிக்க வேண்டாம். அவர் பேச்சு முடிந்த இடத்தில் உடுக்கு இன்னும் கொஞ்சம் ஒலிக்கும்.