தாது வருஷத்துல ஒரு டாக்டர் போட்ட கணக்கு

எங்க கே.கே. நகர் பக்கம் வண்டியூர் கண்மாய்க் கரையில வாக்கிங் போற பெரியவங்க, மழை தவறுனா இப்பவும் தாது வருஷப் பஞ்சத்தை இழுப்பாங்க. 1876-ல வந்த பஞ்சம். அதுல ஒரு டாக்டர் அரசாங்கத்தோட போட்ட சண்டை பலருக்குத் தெரியாது. ஒரு சின்ன இழை.

அந்த வருஷம் தென்மேற்கும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. மதுரைக்கு அப்போ முல்லைப் பெரியாறு தண்ணி கிடையாது. அணை வந்ததே 1895-ல்.

வயல் காய்ஞ்சா நடவும் இல்லை, அறுப்பும் இல்லை, கூலியும் இல்லை. கூலிக்காரர் கையில காசில்லாததால நெசவாளியோட துணியும் விக்கல. விலையோ ஏறிக்கிட்டே போச்சு. நாட்டுல தானியம் இருந்தது, ஏத்திட்டு வர ரயிலும் இருந்தது, வாங்கத்தான் காசில்லை. இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி மட்டும் நிக்கவே இல்லை.

1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிளை மெட்ராஸுக்கு அனுப்பினார் வைஸ்ராய் லிட்டன். 1874-ல் பீகார் பஞ்சத்துல பர்மா அரிசியை இறக்கி உயிர்களைக் காப்பாத்தினவர். அதுக்கு அவருக்குக் கிடைச்சது ‘ஊதாரி’ங்கிற திட்டு! இந்தத் தடவை சிக்கனம் காட்டினார்: நிவாரண வேலை செய்யுற ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு.

ஒரு பவுண்டுன்னா 450 கிராம். அரிசியா வச்சா சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டுறவருக்கு 3,000-க்கு மேல வேணும். அந்த ஒரு அணாவுக்கு அப்போ விக்கிற விலையில என்ன பெருசா கிடைக்கும்? மீதியைச் சொந்தத் தசையில இருந்துதான் உடம்பு எடுக்கும்.

மெட்ராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், சம்பளம் தர்ற அரசை எதிர்த்தே எழுதினார்: குறைஞ்சது ஒன்றரை பவுண்டு, கூடவே பருப்பு, காய்கறி வேணும்னு. (மேலிடத்துக்குக் கடிதம் எழுதிப் பார்த்தவங்களுக்கு இதோட கஷ்டம் புரியும்.) லிட்டன் டெம்பிள் பக்கம் நின்னார். ஆனாலும் சில மாசத்துல மெட்ராஸ் அரசு பாதி தூரம் இறங்கி வந்தது: 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு.

பலருக்கு அது லேட். பட்டினி கிடந்த குடலோட உள்சுவர் மெலிஞ்சு போகும். அப்புறம் சோறு போட்டாலும் ஒட்டாது, பேதியா போயிடும். முகாம்கள்ல காலரா. மழை திரும்பினதும் மலேரியா. 1878 வரை இந்தியாவுல 50 லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. பலருக்குப் பதிவேட்டுல ஏறின காரணம் காய்ச்சல், காலரா, வயிற்றுப்போக்கு. பசின்னு எழுதல.