கடல் கடந்த சிப்பாயும் யுத்த தர்மமும்

கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்துச் சென்னைச் சிப்பாய், வயிற்றுப் பிழைப்பை முன்னிட்டு மாதம் 7 ரூபாய்ச் சம்பளத்திற்குத் துப்பாக்கி ஏந்தி, ஜாவாவுக்கும் பர்மாவுக்கும் சீனத்துக்கும் கப்பலேறிச் சென்று, தனக்கு யாதொரு விரோதமும் இல்லாத ஜனங்களோடு போர் புரிந்து வந்த வரலாறு, பெருமிதத்தோடு மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கத் தக்கதன்று. போகமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் அந்நாளைய சிப்பாய்க்கு எவ்வளவு இருந்தது என்பதைக் கல்கத்தாவை அடுத்த பராக்பூர் காட்டும். 1824-ஆம் ஆண்டில், மூட்டை சுமக்க மாடுகள் இல்லாத குறையைச் சொல்லிப் பர்மா யுத்தத்திற்குப் புறப்பட மறுத்து நின்ற வங்காளப் படையினர்மீது பீரங்கிகள் முழங்கின. தப்பியவர்களிற் சிலர் தூக்கிலிடப்பட்டனர்.

சீனத்தில் நடந்ததோ அபினிக்காக மூண்ட யுத்தம். நம் நாட்டு மண்ணில் விளைந்து சீனரின் உடலையும் பொருளையும் உருக்குலைத்த அபினியை, 20,000 பெட்டிகளுக்குமேல் பறிமுதல் செய்து லின் என்னும் அதிகாரி 1839-இல் அழித்ததே ஆங்கிலேயருக்குப் போர் தொடுக்கக் காரணமாயிற்று. 1841 மே மாத இறுதியில், காண்டன் நகரை அடுத்த சான்யுவான்லி கிராமத்தருகே, 37-ஆவது சென்னைப் பட்டாளத்தின் ஒரு பிரிவு, கொட்டும் மழையில் வழிதவறித் தனிப்பட்டுப் போயிற்று. சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் மருந்து நனைந்து தீப்பற்றவில்லை. ஈட்டியும் களைக்கொட்டும் ஏந்திய கிராமத்தார் ஆயிரக்கணக்கில் சூழ்ந்துகொள்ள, சிப்பாய்கள் சதுர வியூகம் வகுத்து, துப்பாக்கி முனையிற் செருகிய கத்திகளையே துணையாகக் கொண்டு, இருட்டிய பிறகு உதவி வந்து சேரும்வரை ஒருவரையொருவர் கைவிடாமல் நின்றனர். அந்த உறுதியை யாரே குறை கூறுவர்? ஆயினும், தங்கள் மூதாதையரின் சமாதிகள் தோண்டப்பட்டன, பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர் என்று கொதித்தெழுந்து, தம் வீட்டு வாசலைக் காக்க வந்தவர்கள் அக்கிராமத்தார் என்பதை மறந்து சிப்பாய்களின் வீரத்தை மட்டும் பாடுவது சரித்திரமாகாது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இத்தாலி தேசத்தில் நிகழ்ந்தது வேறொரு காட்சி. 1939 செப்டம்பரில், இந்தியரின் சம்மதத்தைக் கேளாமலே, இந்தியாவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியதாக வைசிராய் லின்லித்கோ பிரகடனம் செய்தார். அந்த யுத்தத்திற்குச் சென்றவர்களில் ஒருவர், மதராஸ் சாப்பர்ஸ் படையில் சுபேதாராக இருந்த சுப்பிரமணியன். பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி அகற்றுவதும் அப்படையினரின் தொழில். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், முன்னே சென்ற வீரர் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட, அது வெடிப்பதற்கு எஞ்சியிருந்த சில விநாடிகளில் சுபேதார் அதன்மேல் பாய்ந்து படுத்துத் தம் உடலையே கேடயமாக்கி, அருகிலிருந்தோரைக் காத்து உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் விருது மரணத்திற்குப் பின் வழங்கப்பட்டது.

வீரம் மிகுந்திருந்தமையால் யுத்தம் நியாயமாகிவிடும் என்பாரும், யுத்தம் அநியாயமாயின் அதில் மடிந்தவனின் தியாகமும் வீண் என்பாரும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவருமே இரண்டு கணக்குகளை ஒன்றாக்கிவிடுகின்றனர். யுத்தத்தைத் தொடுத்த பாவபுண்ணியம் அதனைத் தொடுத்தவரைச் சாரும். தன் எதிரே நிராயுதபாணியாய் நின்ற முதியவனையும் பெண்ணையும் குழந்தையையும் சிப்பாய் எவ்விதம் நடத்தினான், தன் தோழனுக்காக எதைக் கொடுத்தான் என்பது சிப்பாயின் சொந்தக் கணக்கு. மேலதிகாரியின் கட்டளை கொள்ளையைப் புனிதமாக்காது. அந்நியக் கொடியின் நிழல் சுப்பிரமணியனின் தியாகத்தைச் சிறுமைப்படுத்தாது. ஆதலின், கடல் கடந்து மாண்ட நம்மவர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பும்போது, அவர்களை அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார், அவர்கள் யாருடைய மண்ணில் போரிட்டனர் என்பவற்றையும் கல்லில் பொறிப்பதே அவர்களுக்கும், அவர்கள் கையால் மாண்டவர்களுக்கும் நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.